கடைசித் தலைநகருக்கு வடக்கு வாசல் வழியாக

கண்டியைப் பார்த்துவிட்டோம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பார்த்தது தலதா மாளிகையையும் அதன் முன்னால் கிடக்கும் குளத்தையும்தான். கொழும்பிலிருந்து விடியற்காலை வான் பிடித்து, பேராதனைப் பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றி, மத்தியானம் சோறு சாப்பிட்டு, பின்னேரம் ஆறரைப் பூசைக்கு மேளம் முழங்கும்போது வரிசையில் நின்று, மாளிகையின் மேல்மாடிக் கதவு திறக்கிற அரை நிமிடத்தில் எட்டிப் பார்த்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கும்பிட வந்தவர்களுக்கு அது போதும். தலைநகர் பார்க்க வந்தவர்களுக்குப் போதாது. 1590கள் தொடங்கி 1815 வரை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று கடல் வல்லரசுகளுக்கும் தண்ணி காட்டிய நகரம் அது. இலங்கைத் தீவில் அரியணை என்று ஒன்று கடைசியாக இருந்த இடம். அந்த அரியணையில் கடைசியாக இருந்த நால்வரும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தார்.

அந்தக் கண்டிக்குள் போக நாங்கள் தேர்ந்தெடுத்தது வடக்குப் பாதை. அலவத்துகொட சந்தியில் பஸ் ஏறினோம்.

மலை, ஆறு, முள்கதவு

ஏ-9 என்றால் நம்மவர்களுக்கு ஆனையிறவும் ஓமந்தையும்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் அந்தச் சாலையின் மறுமுனை கண்டி. தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை தாண்டி, பலகடுவைக் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கினால் அலவத்துகொட வரும். கண்டிக்கு இங்கிருந்து சுமார் 17 கிலோமீற்றர். சாலையின் இரு பக்கமும் கடைகள். மூன்று சமூகமும் கலந்த கடைத்தெரு. பருவ காலத்தில் வீட்டு வாசலெல்லாம் சாக்கு விரித்து மிளகும் கராம்பும் காயப்போட்டிருப்பார்கள். பஸ் ஜன்னலைத் திறந்தால் அந்த வாசனையும் டீசல் புகையும் சேர்ந்தே உள்ளே வரும்.

கொழும்பு வழியாக வருகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு விளக்கம் இந்த வழியில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும். கடுகண்ணாவை வழியேறும் கொழும்புச் சாலை, நாட்டைப் பிடித்த பிறகு ஆங்கிலேயர் 1820களில் வெட்டியது. அதைப் போட்ட கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரமே எழுப்பி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் வந்தால், இவ்வளவு சுலபமாக வந்து சேரக்கூடிய ஊரை ஏன் இருநூறு வருடம் எவனாலும் பிடிக்க முடியவில்லை என்றுதான் தோன்றும். வடக்கிலிருந்து வந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். கணவாய்க்குப் பிறகு பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்குப் பிறகு மறுபடி மேடு, கடைசியில் மகாவலி. கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஆறு அது. கண்டி அரசர்கள் வேண்டுமென்றே சாலை போடவில்லை, பாலம் கட்டவில்லை. ஒற்றையடிப் பாதைகளின் குறுக்கே முள்ளால் கட்டிய கதவுகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்குக் காவலும் வைத்தார்கள். 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப்போகும் வரை இந்த மலைகளுக்குள் கைதியாகவே வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், இந்த முள்கதவுகளைப் பற்றித் தன் நூலில் எழுதியிருக்கிறான்.

இன்று அந்தக் காவல் வேலையை அக்குறணை பஜார் பார்த்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ஒடுக்கமான தெருவுக்குள் அகப்பட்ட பஸ், ஒல்லாந்துப் படையைவிட மெதுவாகத்தான் நகரும். கடும் மழை பெய்து பிங்கா ஓயா பெருகினால் கடைகளுக்குள் தண்ணீர் ஏறி, பாதையே மூடிவிடும்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறோம். பாலத்தில் பஸ் ஊர்ந்தால் நல்லது. கீழே பாருங்கள். கோடையில் பாறை தெரிய ஓடும் இந்த ஆறு, மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போகும். 1803 ஜூன் மாதத்தில் அது அப்படித்தான் ஓடியது.

ஆற்றங்கரையில் ஒரு பேரம்

1802இல் பிரான்சின் அமியன் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் ஒரு சமாதான உடன்படிக்கை எழுதின. பிடித்த நாடுகளில் அநேகமாக எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்ட பிரித்தானியா, இரண்டை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஸ்பெயினிடமிருந்து 1797இல் பிடித்த கரீபியன் தீவான டிரினிடாட் ஒன்று. ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் பிடித்த இலங்கைக் கரையோரம் மற்றொன்று. போர்ட் ஒவ் ஸ்பெயினும் கொழும்பும் ஒரே காகிதத்தில் ஒரே எசமானுக்கு எழுதப்பட்டன. வித்தியாசம் என்னவென்றால், டிரினிடாட்டில் தலைநகரும் சேர்ந்தே கிடைத்துவிட்டது. இலங்கையில் தலைநகர் மலைக்குள் இருந்தது. அதில் ஒரு ராசாவும் இருந்தான்.

அடுத்த ஆண்டே அந்த ராசாவை எழுப்பிவிடக் கிளம்பினார்கள். கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டோவலின் படை. திருகோணமலையிலிருந்து கேணல் பார்பட்டின் படை. உள்ளே போனபோது நகரம் காலியாக இருந்தது. அது கண்டியின் பழைய தந்திரம்: அரசன் காட்டுக்குள் போய்விடுவான், பசியும் காய்ச்சலும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலேயர் தங்களோடு ஒரு மாற்று அரசனையும் கூட்டி வந்திருந்தார்கள். பெயர் முத்துசாமி. மறைந்த அரசன் ராஜாதி ராஜசிங்கனின் மைத்துனன். அவனைக் கண்டியில் முடிசூட்டிவிட்டு, மேஜர் டேவியிடம் ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டுப் பெரும்படை திரும்பிப் போனது.

ஜூன் 24ஆம் திகதி கண்டியர் தாக்கினார்கள். காய்ச்சலில் பாதிப் படை படுத்துக் கிடந்தது. திருகோணமலைக்குப் போக வழிவிட்டால் நகரை ஒப்படைத்துவிடுகிறோம் என்று டேவி இறங்கி வந்தான். நடந்து வட்டப்புலுவ ஆற்றுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு கரை புரண்டு ஓடியது, படகு இல்லை. மறுநாள் அரசனின் ஆட்கள் வந்து பேரம் பேசினார்கள்: முத்துசாமியைத் தா, படகு தருகிறோம். முதலில் மறுத்த டேவி கடைசியில் கொடுத்துவிட்டான். முத்துசாமி கொல்லப்பட்டான். படகும் வரவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்த வெள்ளைச் சிப்பாய்களை வரிசையில் கூட்டிப்போய் வெட்டிப் போட்டார்கள். டேவி மட்டும் உயிரோடு வைக்கப்பட்டு, வருடக்கணக்கில் கைதியாகக் கிடந்து, கண்டி மலைகளுக்குள்ளேயே செத்தான்.

வட்டப்புலுவ இன்று வீடுகள் நெருங்கிய குடியிருப்புப் பகுதி. டேவி நின்ற மரத்தின் பெயரால் அங்கே ஒரு நினைவுக் குறி உண்டு. ஓட்டோக்காரரிடம் 'டேவி மரம்' என்று கேட்டால், பத்துப் பேரில் இரண்டு பேர் தலையாட்டலாம். ஆங்கிலேயரின் சரித்திரப் புத்தகங்கள் இந்தப் படுகொலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. முத்துசாமிக்கு அவற்றில் கிடைப்பது இரண்டு வரி. அழைத்து வந்து பட்டம் கட்டி, நம்பி வந்தவனை ஆற்றங்கரையில் கைமாற்றிக் கொடுத்த கதையை எந்தக் கல்லில்தான் பொறிப்பார்கள்?

கண்ணகியின் கடைசி இடம்

மகியாவ ஏற்றத்தைக் கடந்து நகருக்குள் இறங்குகிறோம். கண்டி மாநகரத் தெருக்களைக் கூட்டிப் பெருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம் மகியாவ. அதைக் கடந்து பத்து நிமிடத்தில் யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த புனித நகரம் தொடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்த நகரத்தைப் படையெடுத்தவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லையே தவிர, கொளுத்தாமல் போனதில்லை. போர்த்துக்கேயர் கொளுத்தினார்கள். 1765இல் ஆளுநர் வான் எக் தலைமையில் வந்த ஒல்லாந்தர் சூறையாடினார்கள். அதனால் இன்று கண்ணுக்குத் தெரிகிற அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு நாயக்க அரசர் காலத்தில் எழுந்தவை, அல்லது திருத்தப்பட்டவை. எல்லாத் தீயையும் தாண்டி நிற்பது ஒன்று உண்டு: நாத தேவாலே. தலதா மாளிகைக்கு எதிரே, அரச மரங்களுக்கு நடுவே நிற்கும் சிறிய கல்கட்டடம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டி நகரிலேயே வயது கூடியது. தலைக்குமேல் குட்டையான விமானம். அடித்தளத்தின் கல்வரிகளையும் சுவரில் பதித்த தூண்களையும் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கோ நிற்பதுபோல் இருக்கும். அதே நூற்றாண்டில், 1344இல், பேராதனைக்கு அந்தப் பக்கம் கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி என்று கல்வெட்டே சொல்கிறது. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

நாத தேவாலே முற்றத்திலிருந்தே பத்தினி தேவாலேக்குப் போய்விடலாம். பத்தினி என்றால் வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். மட்டக்களப்பில் வைகாசிப் பொங்கலில் குளிர்த்தி பாடி ஆற்றுகிற அதே அம்மனை, இங்கே அம்மையும் வறட்சியும் நீங்கச் சிங்களத் தாய்மார்கள் கும்பிடுகிறார்கள். பூசை செய்கிற கப்புறாளை வெள்ளை உடுத்து நிற்பார். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் தட்டில் பழமும் தாமரையும் வைத்து, திரைக்குப் பின்னால் அவர் சொல்லும் வேண்டுதலுக்குத் தலைகுனிந்து நிற்பார்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் போனால் இதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எசல பெரஹரவில் தலதா மாளிகையின் ஊர்வலம் முதலில் போகும். அதன் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி. கந்தனின் ஊர்வலத்தில் காவடி ஆடும். கடைசியில் வரும் பத்தினி ஊர்வலத்தில் பெண்கள் நடந்து வருவார்கள். புத்தரின் தந்ததாதுவை இந்தத் தெய்வ ஊர்வலங்களுக்கு முன்னால் வைத்து இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்பது மரபு. அவன் நாயக்கன்.

நாயக்கர் கண்டிக்கு வந்த கதை சுருக்கமானது. கண்டி அரசர்கள் நெடுங்காலமாக மதுரையிலிருந்து பெண் எடுத்து வந்தார்கள். 1739இல் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது பட்டத்து ராணியின் தம்பிக்கு முடி போனது. ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739–1747), கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782), ராஜாதி ராஜசிங்கன் (1782–1798), ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (1798–1815) என்று நான்கு பேர். தெலுங்கு வேர் கொண்ட குடும்பம். அரண்மனைக்குள் தமிழ் புழங்கியது. ஆண்டது சிங்களப் பௌத்த அரசை. 'கண்டியை ஆண்ட தமிழ் மன்னர்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும், 'அந்நிய வடுகர்' என்று ஒதுக்குகிறவர்களுக்கும் இந்தக் கலப்பு வசதிப்படுவதில்லை.

கீர்த்தி ஸ்ரீ இதற்கு நல்ல உதாரணம். இலங்கையில் துறவிகளுக்கு உபசம்பதா என்ற உயர் தீட்சை கொடுக்கத் தகுதியான பிக்குகளே இல்லாமல் போன காலத்தில், ஒல்லாந்தரின் கப்பலை வாங்கிச் சியாமுக்குத் தூது அனுப்பி, 1753இல் உபாலி தேரரை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவன் அவன். இன்றைய மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் வரிசை அங்கிருந்து தொடங்குகிறது. அப்படிப்பட்டவனைக் கொல்லவே 1760இல் சதி நடந்தது. சதிகாரர்களின் குறைகளில் ஒன்று, அரசன் நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்பது. குளத்தின் தென்கரையில் மல்வத்தை விகாரையில் ஆசனத்துக்குக் கீழே குழி வெட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்கிறார்கள். தகவல் முன்னமே தெரிந்ததால் தப்பினான். சதியில் சேர்ந்த பிரதானிகளின் தலை போனது. தேரர்களின் உயிரை மட்டும் விட்டுவைத்தான். அதற்குப் பிறகும் விகாரை கட்டுவதை நிறுத்தவில்லை.

குளம் வெட்டிய ராசா

தலதா மாளிகையின் முகமாக உலகம் அறிந்திருக்கிற எண்கோண மாடம் பத்திரிப்புவ. அதைக் கட்டியதும், குளத்தை வெட்டியதும், கரையோரம் மேகம் அலையலையாக நிற்பதுபோல் வளைந்த மதிலை எழுப்பியதும் ஒரே ஆள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. வேலையை நடத்திய தலைமைச் சிற்பாசாரி தேவேந்திர மூலாச்சாரி. பத்திரிப்புவவில் நின்று அரசன் மக்களுக்குக் காட்சி தருவான். பிற்காலத்தில் பதவியேற்ற ஜனாதிபதிகள் சிலரும் மாளிகையில் வணங்கிவிட்டு அதே இடத்தில் நின்று நாட்டுக்குப் பேசியிருக்கிறார்கள்.

அந்த மதிலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் வலாகுளு பம்ம. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் முக்கோணக் குழிகள் வரிசையாக இருக்கும். பண்டிகை இரவுகளில் ஒவ்வொன்றிலும் விளக்கு வைப்பார்கள். ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தால் விளக்குக் கரியின் பிசுக்கு விரலில் ஒட்டும். மதில் குளத்தைச் சுற்றி முழுதாகப் போகவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. கட்டி முடிப்பதற்குள் கட்டினவனே போய்விட்டான்.

குளம் இருக்கும் இடம் முன்பு வயல். 1807இல் தொடங்கி 1812 வரை வேலை நடந்தது. நாலா பக்கத்திலிருந்தும் ஆட்களை ராசகாரியம் என்ற கட்டாய வேலைக்கு இழுத்து வந்தார்கள். மறுத்தவர்களைக் குளத்தடியிலேயே கழுவேற்றினான் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் அரசன் கை சுத்தமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், எஹெலப்பொல வளவு போதும். பிரதானி எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போனதற்குத் தண்டனையாக, 1814இல் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கண்டியில் பகிரங்கமாகக் கொன்றான் அரசன். பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள். தாயைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அண்ணன் பயந்து பின்வாங்கியபோது தானே முன்னால் போய்த் தலையைக் கொடுத்தான் சிறுவன் மத்தும பண்டார என்று பள்ளிக்கூடத்தில் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். போகம்பறைக் குளம் இன்று இல்லை. அந்தப் பக்கம்தான் ஆங்கிலேயர் 1876இல் பெரிய சிறைச்சாலையைத் திறந்தார்கள்; 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றும் வரை அது நடந்தது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் பிடிபட்ட வீர புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொன்றதும் போகம்பறையில்தான்.

குளத்தின் நடுவே தெரியும் குட்டித் தீவை அரசியின் உல்லாச மண்டபம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆங்கிலேயர் அதில் வெடிமருந்தை அடுக்கினார்கள். கரையோரம் ராணிகள் குளித்த மண்டபம் நூலகமாகி, பிற்பாடு பொலிஸ் நிலையமாகியது. அரசன் இருந்த மாளிகை அரசாங்க அதிபரின் வீடாகி, இன்று தொல்லியல் அருங்காட்சியகம். ராணிகளின் பள்ளே வாசல் தேசிய அருங்காட்சியகம். பிரதானி ஒருவரின் வளவு இருந்த இடத்தில் குயின்ஸ் ஹோட்டல். தேவாலேகளுக்கு நடுவில், சிவப்புச் செங்கல்லில், புனித பவுல் தேவாலயம். அரண்மனை முழுதாக இடிக்கப்படவில்லை, அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் இங்கே 'அரண்மனை எங்கே?' என்று கேட்கிற பயணிக்கு யாராலும் ஒரே விரலை நீட்டிக் காட்ட முடிவதில்லை.

மாளிகை வாசலுக்குள் போகுமுன் பையையும் உடம்பையும் சோதிப்பார்கள். முன்னால் ஓடிய பொதுச் சாலையில் வாகனம் போக முடியாது. 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகள் குண்டு நிரப்பிய லொறியை ஓட்டி வந்து வெடிக்க வைத்ததன் மிச்சம் அது. கும்பிட வந்தவர்களும் செத்தார்கள். பத்து நாள் கழித்துக் கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. கண்டித் தமிழர்கள் அந்த வாரம் எப்படி இருந்தார்கள் என்று வயதானவர்களைக் கேட்டால், கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம் என்பதற்கு மேல் பேச மாட்டார்கள்.

மகுல் மடுவவின் தூண்களுக்கிடையில்

தலதா மாளிகைக்குப் பக்கத்தில், சுவரே இல்லாமல் மரத்தூண்களின் மேல் ஓட்டுக்கூரை சரிந்து நிற்கிறது மகுல் மடுவ. ராஜாதி ராஜசிங்கன் 1783இல் தொடங்கிய அரச சபை மண்டபம். தூண்களின் தலைப்பில் தாமரை மொட்டுகள் தொங்கும். உளி பட்ட இடம் இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் இதைத் தாண்டி யானை ராஜாவின் பாடம் செய்த உடலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தலைநகர் தலைநகராக இருப்பது முடிந்தது இந்தக் கூரைக்குக் கீழே.

1815 பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலேயர் நகருக்குள் வந்தபோது அரசன் வழக்கம்போலத் தும்பறைப் பக்கம் போயிருந்தான். இந்தத் தடவை பிரதானிகள் அவனோடு இல்லை. 18ஆம் திகதி மெதமகாநுவரவுக்கு அருகே ஒரு வீட்டில் ராணிகளோடு பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி ஆளுநர் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் மகுல் மடுவவில் கூடினார்கள். பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம். அதை எழுதி, சிங்களத்தில் படித்துக் காட்ட ஏற்பாடு செய்த ஆள் ஜோன் டொய்லி. சிங்களத்தைப் புலவர்களிடம் கற்று, கண்டிப் பிரதானிகளைப் பல வருடம் கடிதத்தாலும் ஒற்றர்களாலும் அரசனிடமிருந்து பிரித்தவன். 1815இல் சண்டையே இல்லாமல் கண்டி விழுந்ததற்கு பீரங்கியைவிட அவனுடைய மைக்கூடு கூடுதல் காரணம்.

ஒப்பந்தத்தின் அடியில் பிரதானிகள் போட்ட கையெழுத்துகளைப் படத்தில் பார்த்தால், சிங்கள எழுத்துகளுக்கு நடுவே தமிழ் எழுத்திலும் சில கையெழுத்துகள் தெரியும். யார் யாருடையவை, எத்தனை என்பதில் இன்றும் வழக்கு உண்டு. கண்டிச் சபையில் தமிழ் தெரிந்திருப்பது மேன்மக்களுக்கு அழகாக இருந்தது; அதில் அதிசயம் இல்லை. அதிசயம் மேலே எழுதியிருப்பதில் இருக்கிறது. இரண்டாம் பிரிவு அரசனையும் அவன் குடும்பத்தையும் உறவினரையும் அரியணையிலிருந்து நிரந்தரமாக விலக்குகிறது. மூன்றாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசனின் உறவினர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள் எல்லோரும் எதிரிகள். அனுமதியில்லாமல் கண்டி நாட்டுக்குள் வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் பிரித்தானிய அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் திரும்பி வந்தால் அதே தண்டனை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மலபார் என்றால் தமிழர். அரசனின் சொந்தக்காரர்கள் குடியிருந்த தெருவுக்கு இன்றும் மலபார் வீதி என்றுதான் பெயர்.

தமிழன் கால் வைத்தால் தண்டனை என்று எழுதிய மை காய்ந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிவிட்டது. 1840களில் அதே அரசாங்கத்தின் கண்முன்னே, அதே தோட்டத் துரைமாருக்காக, கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து வருடத்துக்குப் பல்லாயிரம் பேரைக் கூட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. அங்கிருந்து ஒரு பகுதியினர் பலகடுவை இறங்கி, அலவத்துகொட, அக்குறணை தாண்டிக் கண்டிக்கு. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனையோ. 'அனுமதி இல்லாமல்' என்ற மூன்றாம் பிரிவின் சிறு சொற்றொடர், கோப்பி வந்ததும் அகலத் திறந்துகொண்டது.

அமியன் உடன்படிக்கையின் மற்ற ஊரில் இதே கதை கப்பலில் நடந்தது. 1845 மே 30ஆம் திகதி ஃபாத்தல் ரசாக் என்ற கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் ஒவ் ஸ்பெயின் துறைமுகத்துக்கு வந்தது. பிற்பாடு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் போனவர்கள் மாரியம்மனையும் காளியையும் கொண்டு போனார்கள். அந்தத் தலைநகரைப் பார்க்கப் போகிறவர்கள் நாடாளுமன்றம் இருக்கும் செங்கட்டடத்தையும் சவன்னா மைதானத்தின் ஓரம் நிற்கும் பழைய மாளிகைகளையும் பார்த்துவிட்டு, படகேறி நெல்சன் தீவுக்கும் போகிறார்கள். வந்திறங்கிய கூலிகளை மருத்துவச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் அது. இன்று பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். ஆளுநர் மாளிகையும் கூலிக் கொட்டடியும் ஒரே தலைநகரின் சரித்திரம் என்று அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கண்டிப் பயணப் பட்டியலில் வடக்குப் பாதைக்கு அப்படி இடம் இல்லை. மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் கிளம்பிய நடைபயணம், ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. பழைய ஆட்கள் நடந்த தூரத்தில் அது ஒரு பகுதிதான்.

மயானமும் வேலூரும்

தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு சரிவில் ஆங்கிலேயக் காவற்படை மயானம் இருக்கிறது. புல்வெளி ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். கல்லறைகளில் வயதைப் படித்துக்கொண்டு போனால் முப்பதைத் தாண்டியவர்களைத் தேட வேண்டியிருக்கும்: மலேரியா, வாந்திபேதி, வெயில். 1856இல் இறந்த ரொபர்ட்சன் என்பவரைக் காட்டு யானை கொன்றது. இலங்கையில் யானையால் செத்த ஏழாவதும் கடைசியுமான ஐரோப்பியர் என்று காவலாளி சொல்லிக் காட்டுவார். 1824இல் காய்ச்சலில் போன டொய்லிக்கும் இங்கேதான் இடம். அவன் கையால் வீழ்ந்த அரண்மனையின் கொல்லைப்புறத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

அரசனுக்குக் கண்டியில் எதுவும் கிடைக்கவில்லை. கொழும்பில் கொஞ்ச காலம் வைத்திருந்து, 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் கப்பலில் குடும்பத்தோடு சென்னைக்கு ஏற்றினார்கள். வேலூர்க் கோட்டையில் பதினாறு வருடம். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய சமாதி இருந்த இடத்தில் 1990இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் எழுப்பியது. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற இலங்கைக்காரர்கள் ஏராளம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து ரயிலுக்கு நேரமிருந்தால் ஒரு ஓட்டோ பிடித்தால் போதும்.

அவன் உட்கார்ந்த சிம்மாசனம் ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. அது ஆங்கிலேயரோடு வின்ட்சர் கோட்டைக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. முடியும் சிம்மாசனமும் இருப்பது கொழும்பு அருங்காட்சியகத்தில். கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மகியங்கனைப் பாதையில் போனால் மெதமகாநுவர. அவன் பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். கண்டியின் கடைசி அரசனை முழுதாகப் பார்க்க நினைக்கிறவர் ஒரு நாள் போதும் என்று கிளம்பக் கூடாது. தலதா மாளிகைக்குக் காலை ஐந்தரைப் பூசைக்குப் போய், வெயில் ஏறுமுன் தேவாலேகளையும் மகுல் மடுவவையும் மயானத்தையும் முடித்துக்கொண்டால், மெதமகாநுவர போய்வர மத்தியானத்துக்கு மேல் நேரம் இருக்கும். கொழும்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வேலூருக்கு விசா வேண்டும்.